தோட்ட ரயில் இன்ஜினுக்கு ஒலி டிகோடர்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

நீங்கள் கேட்டது இதுதான்: 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், எல்.ஜி.பி. கம்பெனியின் பழைய மாதிரி நீராவி இன்ஜின் ஒன்று இருக்கிறது, பின்னால் டெண்டரும் (கரி, தண்ணீர் வண்டி) உண்டு. இத்தனை நாள் சாதாரண டி.சி.யில் ஓட்டிவிட்டு இப்போது டி.சி.சி.க்கு (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறைக்கு) மாறுகிறீர்கள், சத்தமும் வேண்டும். மேசை ரயில் அளவான ஹெச்.ஓ. இன்ஜினுக்காக வாங்கிய ஒலி டிகோடர் (அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் கருவி) ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே போட்டால் என்ன? கூடாது என்றால் எந்த கம்பெனியுடையது நல்லது?

முதல் கேள்விக்குப் பதில், போடாதீர்கள். ஹெச்.ஓ. டிகோடரின் மோட்டார் பகுதி ஒரு ஆம்பியர், மிஞ்சினால் ஒன்றரை ஆம்பியர்தான் தாங்கும். உங்கள் இன்ஜின் நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போதே அதைத் தாண்டிவிடும். மின்னழுத்தமும் ஒத்துவராது. ஹெச்.ஓ. தண்டவாளத்தில் 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கும். தோட்ட ரயிலுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் 18 முதல் 24 வோல்ட் வரை தருகின்றன. இதையெல்லாம் அது தப்பித்தவறித் தாங்கினாலும், அதிலுள்ள ஓரிரு வாட் ஆம்ப்ளிஃபயர் மேசைக்குத்தான் போதும். வெட்டவெளியில் கொசு ரீங்காரம் போலக் கேட்கும்.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். எல்லோரும் கம்பெனிப் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் வெளியில் ஓடும் இன்ஜினின் சத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர் பெட்டி. டிகோடர் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது மோட்டாரின் ஆம்பியரும் இன்சுலேஷனும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் இன்று கிடைக்கும் பெரிய டிகோடர்களில் எதைப் போட்டாலும் நன்றாகவே கேட்கும்.

சரி, முதலில் மோட்டாரை அளப்போம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, 18 வோல்ட் டி.சி. சப்ளைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தொடராக இணையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, முன் பஃபரைக் கையால் தடுத்து நிறுத்துங்கள். எடை போதாமல் சக்கரம் வழுக்கிச் சுற்றும். அப்போது மீட்டர் காட்டுவது வழுக்கும்போது இழுக்கும் மின்னோட்டம். டிகோடர் விடாமல் தாங்கும் அளவு இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்புறம், கியரில் ஒரு சிறு கல் மாட்டிக்கொண்டால் மோட்டார் சுற்றாமலே நின்றுவிடும், அப்போது இழுப்பதுதான் உச்ச மின்னோட்டம். மோட்டாரைப் பிடித்து நிறுத்தி அளந்தால் சூடேறும் என்று பயப்படுபவர்கள் வேறு வழியில் போகலாம். மோட்டாரைத் தனியே பிரித்து அதன் ஓம் அளவைப் பாருங்கள். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து தடவை அளந்து, வந்ததில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஓம் என்றால், 18 வோல்ட்டை 6ஆல் வகுக்க 3 ஆம்பியர். தண்டவாளத்தில் 22 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 3.7 ஆம்பியர்.

இதோடு புகை யூனிட், விளக்குகள், ஆம்ப்ளிஃபயர் இழுப்பதையும் கூட்டுங்கள். டிகோடர் விவரத்தாளில் மோட்டாருக்கு ஒரு எண்ணும் மொத்தத்துக்கு ஒரு எண்ணும் தனித்தனியாக இருக்கும். பலர் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மோட்டார் வைத்த மாலெட் வகை (இரண்டு சக்கரத் தொகுதியுள்ள) நீராவி இன்ஜினிலும் டீசலிலும் மோட்டார் கணக்கை இரண்டால் பெருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது கம்பெனிக்கு வருவோம். ஜெர்மனியின் ஈ.எஸ்.யூ. தயாரிக்கும் லோக்சவுண்ட் 5 வரிசையில் எல், எக்ஸ்.எல் என்ற பெரிய வடிவங்கள், வியன்னாவிலிருந்து வரும் ஜிமோவின் பெரிய டிகோடர்கள், மாசோத்தின் ஈமோஷன் வரிசை, அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் தரும் சுனாமி2 வரிசையில் 4 ஆம்பியர் மாதிரி ஆகியவை தோட்ட அளவுக்கு ஏற்றவை. நான் தேர்ந்தெடுக்கும் முறை எளிது: என் இன்ஜினின் மூல இன்ஜினுக்கு, இல்லாவிட்டால் அதே அளவுள்ள நெருங்கிய உறவுக்கு, யாரிடம் நல்ல ஒலிப்பதிவு இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பேன். குறுகிய பாதையில் ஓடும் சின்ன டேங்க் இன்ஜினுக்குப் பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜினின் ஊதல் வைத்தால் காதுக்கே உறுத்தும். ஈ.எஸ்.யூ., ஜிமோ டிகோடர்களில் ஒலிக்கோப்பையே மாற்றி ஏற்றலாம், ஆனால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும். சுனாமி2வில் ஒலிகள் உள்ளேயே பதிந்து வருகின்றன. அவற்றிலிருந்து ஊதலையும் மணியையும் சி.வி. (டிகோடரின் அமைப்புகளுக்கான எண்) கொடுத்துத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு இன்ஜின்தான், கணினியோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்பவருக்கு இரண்டாவது வகை நிம்மதி.

இனி இன்ஜினைத் திறப்போம். டி.சி.சி.யில் மீறக் கூடாத சட்டம் ஒன்று உண்டு: மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளத்தையோ சேஸிஸையோ தொடவே கூடாது. டி.சி.யில் ஓடிய இன்ஜினில் இது நேர் எதிராக இருக்கும். சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பித்தளைத் தகடு, மோட்டாரும் கியரும் அடங்கிய பிளாக்குக்கு உள்ளேயே மோட்டார் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். பிற்கால எல்.ஜி.பி. பிளாக்குகளிலிருந்து நான்கு வயர்கள் வெளியே வரும்: பழுப்பும் வெள்ளையும் தண்டவாளம், மஞ்சளும் பச்சையும் மோட்டார். உங்களுடையது அப்படி என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பிளாக்கின் அடித்தட்டைக் கழற்றி அந்த இணைப்பை வெட்டி, மோட்டாருக்குத் தனியாக இரண்டு வயர் இழுக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டி.சி.சி. வயர்களுக்கென்று உள்ள பொது வழக்கத்தில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது நேர்முனை. எல்.ஜி.பி.யின் வெள்ளை தண்டவாளத்துக்குப் போகிறது. டிகோடரின் வெள்ளை விளக்குக்குப் போகிறது. வெள்ளையோடு வெள்ளை, மஞ்சளோடு மஞ்சள் என்று நிறம் பார்த்து இணைத்தால் தண்டவாள மின்சாரம் நேரே விளக்கு வெளியீட்டில் பாயும். ஆகவே வயரை வெட்டும் முன் ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, அது எங்கிருந்து வருகிறது என்று எழுதிவிடுங்கள். நிறத்தை மறந்துவிடுங்கள்.

வயரெல்லாம் பிரித்த பிறகு, டிகோடரை இணைக்கும் முன், மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை இடப்பக்கச் சக்கரத்திலும் மறுமுனையை மோட்டாரின் ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பாருங்கள், பிறகு வலப்பக்கம், பிறகு சேஸிஸ். எங்கும் சத்தம் வரக் கூடாது. சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டே பாருங்கள். சில நேரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இணைப்புக் கம்பி எதையாவது உரசும்.

இதில் நான் ஒரு டிகோடரைப் பலி கொடுத்திருக்கிறேன். மேலே சொன்ன சோதனை அத்தனையும் செய்தேன், ஒரு பீப் இல்லை. திருப்தியாக மேல்கூட்டை மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினேன். அந்த ஸ்க்ரூ ஆரஞ்சு வயரின் மேலுறையைக் கடித்துக்கொண்டு சேஸிஸைத் தொட்டுவிட்டது. தண்டவாளத்தில் வைத்து மூன்று விநாடி கூட ஆகவில்லை. கருகிய நெடி, திறந்து பார்த்தால் கறுப்புச் சிப்பின் நடுவில் கடுகளவு பள்ளம். அதிலிருந்து கூட்டை மூடிய பிறகும் ஒரு தடவை அளக்கிறேன். மோட்டாருக்கும் டிகோடருக்கும் நடுவே ஒரு பிளக் வைத்து, அதைக் கரியிடும் கதவு வழியாகக் கழற்ற முடிகிற இடத்தில் விட்டால் இந்தச் சோதனை சுலபம்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பல்பின் ஒரு கால் பெரும்பாலும் தண்டவாளத்தோடோ சேஸிஸோடோ இணைந்திருக்கும். அதை வெட்டி நீல வயரில் சேருங்கள். எல்.இ.டி. போட்டால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற ஹெச்.ஓ. பழக்கத்தை விட்டுவிடுங்கள். 22 வோல்ட்டில் அதில் 0.36 வாட் வெப்பம் வரும், கால் வாட் ரெசிஸ்டர் கருகும். 2.2 கிலோ ஓம் போதும். புகை யூனிட் எத்தனை வோல்ட்டுக்கானது என்று பார்க்காமல் இணைக்காதீர்கள், 5 வோல்ட்டிலும் வந்திருக்கின்றன, 18 வோல்ட்டுக்கு மேலும் வந்திருக்கின்றன.

ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். அறைக்குள் சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். தோட்டத்தில் அந்த உதவி கிடையாது. போன ஒலி போனதுதான். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்து ஏதாவது ஒலிக்கவிடுங்கள். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இப்போது ஒரு அட்டையில் அதே அளவுக்கு ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதில் அழுத்திப் பிடியுங்கள். அடித்தொண்டை திடீரென்று திறந்துகொள்ளும். கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அட்டை அதைத் தடுக்கிறது. முழுக்க மூடிய பெட்டி இன்னும் நன்றாகத் தடுக்கும். நீராவி வெளியேறும் 'குப்' என்ற கனத்த அடி இந்தத் தாழ்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அது போனால் மிச்சம் வெறும் 'இஸ்'தான்.

டெண்டர் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அதன் தரையில் பொருந்தும் மிகப் பெரிய ஸ்பீக்கரை வாங்கி, முகத்தைக் கீழ்நோக்கி வையுங்கள். தரையில் வரிசையாகத் துளை போட்டு, உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டுங்கள். ஒலி ஜல்லியில் பட்டு வெளியே பரவும், பனித்துளியும் கூம்பில் தேங்காது. காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறி ஒரு பருவத்துக்குள் தளர்ந்துவிடும், பிளாஸ்டிக் கூம்பே மேல். பின்பக்கம் 2 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி கட்டி மூடுங்கள், வயர் நுழையும் ஓட்டையைக்கூட விட்டுவைக்காதீர்கள். அடைக்க சிலிகான் எடுத்தால் காடி வாசனை அடிக்கும் வகை வேண்டாம், அது உலரும்போது வரும் அமிலம் தாமிரத்தை அரிக்கும். வாசனையில்லாத நடுநிலை வகையை வாங்குங்கள்.

ஓம் அளவு டிகோடர் கேட்பதோடு ஒத்திருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம், தொடராக இணைத்தால் 16. டிகோடர் கேட்பதைவிடக் குறைந்த ஓமில் போனால் ஆம்ப்ளிஃபயர் சூடாகிச் சாகும். இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் இரண்டும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வரும் அல்லது உள்ளே போகும். இரண்டும் எதிரெதிராகப் போனால், இரண்டு ஸ்பீக்கர் வைத்தும் ஒன்றை விடக் குறைவாகக் கேட்கும் அதிசயத்தைக் காண்பீர்கள்!

ஸ்பீக்கர் காந்தம் இன்னொரு வம்பும் செய்யும். 'குப்' சத்தத்துக்குத் தாளம் கொடுக்கச் சக்கர அச்சருகே ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மூடும் சுவிட்ச்) வைத்திருந்தால், பக்கத்திலுள்ள பெரிய காந்தம் அதை நிரந்தரமாக மூடிவைத்துவிடும். 'குப்' சத்தமே வராது. தண்டவாளத்தை இரும்பு நாரால் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். உதிரும் இழைகளைக் கீழ்நோக்கிய ஸ்பீக்கர் ஒரு துரும்பு விடாமல் உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தச் சுவிட்ச் தேவையா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'குப்' என்னும். உங்கள் ஓட்டுச்சக்கரம் 40 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், சுற்றளவு சுமார் 126 மி.மீ.; ஏறக்குறைய 31 மி.மீ.க்கு ஒரு 'குப்'. விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் விநாடிக்கு ஆறுக்கு மேல் வரும், அதில் சிறு பிசகு இருந்தால் யாருக்கும் தெரியாது. 5 செ.மீ. வேகத்தில் ஊர்ந்து நிலையத்துக்குள் வரும்போது விநாடிக்கு ஒன்றரைதான். கண் தண்டின் ஆட்டத்தைப் பார்க்கிறது, காது அடியைக் கேட்கிறது, இரண்டும் ஒட்டவில்லை என்றால் மாயம் கலைந்துவிடும். டிகோடர் மோட்டார் வேகத்தை வைத்துத் தானே கணக்குப் போட்டுத் தாளத்தை ஒட்டவைக்கப் பார்க்கும்: லோக்சவுண்டில் சி.வி. 57, 58; ஜிமோவில் சி.வி. 267. பெரும்பாலோருக்கு அதுவே போதும். மெதுவாக ஓட்டுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அச்சில் நான்கு சிறு காந்தங்களும், அவற்றை உணரும் ஒரு ஹால் சென்சரும் வையுங்கள். நான்கு காந்தத்திலும் ஒரே முனை வெளியே பார்க்க வேண்டும்; ஒன்று திரும்பியிருந்தால் மூன்று அடி, ஒரு நொண்டி என்று கேட்கும்.

தோட்டத் தண்டவாளத்தில் தூசி, பனி, இலைச்சாறு எல்லாம் இருக்கும். டி.சி. மோட்டார் ஒரு கண இடைவெளியைத் தன் வேகத்தில் தாண்டிவிடும். ஒலி தாண்டாது, அறுந்துவிடும். சில டிகோடர்கள் கொதிகலன் பற்றவைக்கும் சத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். இதற்கு முதல் மருந்து கெபாசிட்டர் அல்ல. டெண்டர் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுத்து இன்ஜினோடு சேர்ப்பதுதான் முதல் வேலை. அதன் பிறகு டிகோடர் கம்பெனியே விற்கும் மின்சேமிப்புப் பொதியைப் போடுங்கள். சொந்தமாகச் செய்யத் துணிந்தால் கணக்கு இப்படி: ஒரு சூப்பர் கெபாசிட்டர் 2.7 வோல்ட் தாங்கும். 22 வோல்ட் தண்டவாளத்துக்கு ஒன்பதைத் தொடராக இணைத்தால் 24.3 வோல்ட். ஒவ்வொன்றும் 1 ஃபாரட் என்றால் மொத்தம் 0.11 ஃபாரட்; ஒரு ஆம்பியர் இழுக்கும் இன்ஜினை, 21 வோல்ட்டிலிருந்து 11க்கு இறங்கும் வரை, ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஓட்டும். விநாடிக்கு 20 செ.மீ. ஓடும் இன்ஜினுக்கு அது ஒரு பாயிண்டை (தண்டவாளம் பிரியும் இடத்தை) தாண்டப் போதுமானது. ஹெச்.ஓ. பழக்கத்தில் ஆறு மட்டும் இணைத்தால் 16.2 வோல்ட்தான் தாங்கும், ஒருநாள் வெடிக்கும். சார்ஜ் ஆகும் வழியில் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும், வெளியேறும் வழியில் அதற்கு இணையாக 3 ஆம்பியர் டையோடும் வேண்டும். இது டிகோடரின் நீலத்துக்கும் அதன் உள் எதிர்முனைக்கும் நடுவே போக வேண்டும், தண்டவாளத்துக்கு நேரே அல்ல.

எல்லாம் முடிந்ததும் முழு மின்சாரத்தில் வைக்காதீர்கள். மின்னோட்டம் கட்டுப்பட்ட புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து, கம்பெனியின் எண்ணைக் காட்டும் சி.வி. 8ஐப் படியுங்கள். ஈ.எஸ்.யூ. என்றால் 151, ஜிமோ 145, சவுண்ட்டிராக்ஸ் 141, மாசோத் 123 வரும். சரியான எண் வந்தால் வயரிங் பெரும்பாலும் சரி. வராவிட்டால் உடனே டிகோடரைக் குறை சொல்ல வேண்டாம், மின்சேமிப்புப் பொதியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். பதில் துடிப்பை அது விழுங்கிவிடுவதுண்டு.

பிறகு மோட்டாருக்குப் பாடம் எடுக்க வேண்டும். லோக்சவுண்டில் சி.வி. 54க்கு 0 எழுதிவிட்டு எஃப்1 அழுத்தினால் இன்ஜின் ஒருமுறை பாய்ந்து ஓடித் தன் மோட்டாரை அளந்துகொள்ளும். ஜிமோவில் சி.வி. 302க்கு 75 எழுதினால் சுமையைக் கற்றுக்கொள்ளும் ஓட்டம் நடக்கும். இரண்டுக்கும் சமதளமான நேர்ப்பாதை சில மீட்டராவது முன்னால் இருக்கட்டும். வேகம் கூடவும் குறையவும் எடுக்கும் நேரத்தை வைக்கும் சி.வி. 3, 4 இரண்டையும் 20க்கு மேல் வையுங்கள். கைப்பிடியைத் திருப்பியதும் இன்ஜின் பாய்ந்தால், சுமை இழுக்கும் கனத்த அடியை ஒலிக்க டிகோடருக்கு நேரமே கிடைக்காது. மொத்த ஒலியளவு லோக்சவுண்டில் சி.வி. 63, ஜிமோவில் சி.வி. 266. அதைப் பாதியில் வைத்து ஆரம்பித்து, பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டே ஏற்றுங்கள். ஏதாவது கிடுகிடுத்தால் முதலில் டெண்டரின் கரிக்குவியலையும் மணியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை ஸ்பீக்கர் குற்றவாளி அல்ல.

இப்போதைக்கு எதையும் வாங்காமல் மூன்று விஷயங்களை மட்டும் பார்த்து எழுதுங்கள்: பிளாக்கிலிருந்து எத்தனை வயர் வருகிறது, சக்கரம் வழுக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது, டெண்டரின் உள்நீளம், அகலம், உயரம். அதை வைத்து எந்த அளவு ஸ்பீக்கர், எத்தனை ஆம்பியர் டிகோடர் என்று குறிப்பாகச் சொல்லிவிடலாம்.